தூங்குமூஞ்சியின் காலடிச் சத்தம்

ஜனவரி 9

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. காதைத் தவிர மற்றபடி நான் சுகம். படி ஏறும்போது முழங்கால் முனகுகிறதாம், இஸ்திரி அக்கா சொன்னாள். எனக்குக் கேட்பதில்லை என்பதால் தொந்தரவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று முதலில் எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்டிருந்தாய். போனில் நான் மூச்சு முட்ட எழுதி அனுப்பினால் நீ 'சரிம்மா' என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறாய். வீடியோவில் வந்தாலோ பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறாய். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய கொடுமை இல்லை. கடிதம் என்றால் ஒரு பக்கமாவது எழுதித்தான் தீர வேண்டும். பெற்றவளுக்கு ஒரு பக்கம் எழுதினால் கை தேய்ந்துவிடாது.

லீக் தொடங்கிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் மூலையில் கூடிவிடுகிறோம். இஸ்திரி அக்கா தன் போனைச் சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைப்பாள். ஆஸ்பத்திரி விரிப்பு துவைக்கிறவர்கள் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி பார்க்கிறார்களே என்று சூப்பர்வைசர் முதலில் சிரித்தார். இப்போது அவருக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். இந்த விளையாட்டைச் செய்கிற ஸ்டூடியோவில் நீ வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், என் பிள்ளை செய்ததைப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். காது கேட்காதவளுக்குச் சத்தம் உண்டாக்குகிற பிள்ளை. கடவுளுக்கு வேறு வேலை இல்லை.

சத்தம் இல்லாமல் இவளுக்கு என்ன புரியும் என்று நினைத்துக்கொள்ளாதே. பிழியும் இயந்திரங்கள் ஓடுகிற இடத்தில் யாருக்குமே எதுவும் கேட்காது. எங்கள் கூடத்தில் எல்லாப் பெண்களும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். ஆபீஸ் அறையிலேயே இருக்கும் சூப்பர்வைசருக்கு மட்டும் அது வராது. திரையின் ஓரத்தில் ஆட்டக்காரர்களின் முகத்தைச் சின்னச் சின்னக் கட்டத்தில் காட்டுகிறார்களே, அதில் அவர்கள் பேசுவதை நான் படித்துவிடுகிறேன். அத்தனை சின்னப் படத்தில் பிடிக்க மற்றவர்களால் முடியவில்லை. எனக்கு முடிகிறது. அவர்கள் தங்களுக்குள் பேசுவது வெளியே யாருக்கும் கேட்காதாம். அந்தத் தைரியத்தில் என்னென்னவோ பேசுகிறார்கள்.

நம் கொக்கு டீம் கேப்டனுக்கு நாங்கள் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். எந்நேரமும் அவனுக்குப் பாதிக் கண்தான். போன வாரம் ஆட்டம் சூடாக இருந்தபோது அவன் ஏதோ பெரிய திட்டம் போடுகிறான் என்று கமெண்ட்ரியில் சொன்னார்களாம். அவன் சொன்னது 'எனக்குப் பசிக்குது'. நான் சொன்னதும் கூடமே சிரித்தது. அவன் எடுத்து ஆடும் இரும்புக் காவலனின் காலடிச் சத்தம் நீ செய்தது என்றாயே, அதை எப்படிச் செய்தாய் என்று எழுது. காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

ஜனவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இரண்டையும் எழுதிவிட்டேன், இனி அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

நாங்கள் இருப்பது தாழ்வாரத்தின் கடைசி அறை. ஜன்னல் கிடையாது, கண்ணாடிக் கதவு மட்டும். தரையில் பெரிய மரத்தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் சரளைக்கல், ஒன்றில் மணல், ஒன்றில் காய்ந்த சருகு. மைக்குக்கு முன்னால் அவற்றில் நடப்பதுதான் என் வேலை. படித்துப் பட்டம் வாங்கி நடைபழகிக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள்.

இரும்புக் காவலனுக்கு முதலில் கனமான பூட்ஸ் போட்டு நடந்தேன். கவசம் போட்ட ஆள் நடக்கிற மாதிரி இல்லை. பிறகு ஒரு பழைய சைக்கிள் செயினைச் சாக்ஸுக்குள் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். எங்கள் தலைவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து "இன்னும் கொஞ்சம் குண்டா நட" என்றார். ஒரு வாரம் குண்டாக நடந்தேன். தொடை வலி போக இன்னொரு வாரம் ஆனது.

இது வெறும் அலங்காரம் இல்லை அம்மா. ஆட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. காலடியை வைத்துத்தான் எந்தப் பக்கம் வருகிறான், மேலே இருக்கிறானா கீழே இருக்கிறானா என்று கண்டுபிடிப்பார்கள். உங்கள் தூங்குமூஞ்சி தூங்குவதில்லை. காதால் பார்ப்பதற்காகக் கண்ணைப் பாதி மூடுகிறான். இதை இஸ்திரி அக்காவிடம் சொல்லிவிடு.

முழங்காலுக்கு எண்ணெய் தேய். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் மகன்

*

பிப்ரவரி 6

அன்புள்ள மகனுக்கு,

சுகம், முழங்கால் உட்பட. உன் சுகத்தை எதிர்பார்க்கிறேன்.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். குண்டாக நடந்ததைப் படித்தபோது மடிப்பு மேசைப் பெண்கள் எழுந்து நடந்தே காட்டினார்கள். பாதிக் கண் விஷயம் தெரிந்ததும் சூப்பர்வைசருக்கு மனசு கேட்கவில்லை. "இனிமே அந்தப் பையனைத் தூங்குமூஞ்சின்னு சொல்லாதீங்க, பாவம்" என்றார். சரி என்றோம். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி எங்கே மாற்றுவது.

நேற்றைய ஆட்டத்தில் எதிர் டீமிலும் ஒருவன் அதே காவலனை எடுத்திருந்தான். தூங்குமூஞ்சி ஒரு சந்தில் நின்றான். எதுவும் செய்யவில்லை, கண் மூடியே போய்விட்டது. பிறகு உதடு மட்டும் அசைந்தது, 'வர்றான் பாரு'. சட்டென்று திரும்பிச் சுவர் மூலையில் அடித்தான். அவன் அடித்த இடத்துக்கே எதிரி வந்து சேர்ந்தான். எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தச் சந்தில் நடந்துவந்தது உன் சாக்ஸும் செயினும்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வார்டிலிருந்து துணி மூட்டை கொண்டுவருகிறவரிடம் சொன்னேன். கறை போகவில்லை என்று சண்டைக்கு வந்த நர்ஸிடம் சொன்னேன், சண்டையை மறந்துவிட்டுப் போனாள். இவள் பிள்ளை புராணத்தை ஆரம்பித்துவிட்டாள் என்று இஸ்திரி அக்கா கண்ணைச் சிமிட்டுகிறாள். பாடட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

விளையாட்டில் காவலன் மாதிரியே புதிதாக ஒரு பெண் வீராங்கனை வரப்போகிறாளாமே. அவளுக்கு என்ன செருப்பு? எழுது. உடம்பு பத்திரம்.

அம்மா

*

மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

அறை மாற்றியிருக்கிறேன். புது விலாசம் உறைமேல் இருக்கிறது. இது முன்னதைவிடச் சின்னது, பஸ் நிறுத்தம் பக்கத்தில் என்பதால் வசதி. போனில் கேமரா சரியில்லை, கொஞ்ச நாளைக்கு வீடியோவில் வர முடியாது.

புது வீராங்கனைக்குச் சாதாரணச் செருப்புதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகன்

*

மார்ச் 24

அன்புள்ள மகனுக்கு,

சுகம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. சாப்பிடுகிறாயா என்று நான் கேட்காததால் நீயும் எழுதாமல் விட்டாய் போலிருக்கிறது. இப்போது கேட்கிறேன்.

கேமரா சரியில்லை என்றால் என்ன செய்வது. ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் முகத்தைப் பார்த்தால் நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பாதி விஷயம் எனக்குத் தெரிந்துவிடும். கடிதத்தில் உதடு கிடையாது. நீ எழுதியதை மட்டும்தான் நான் படிக்க வேண்டியிருக்கிறது. சாதாரணச் செருப்பு என்றால் தோலா, ரப்பரா? அதற்கு முந்தின கடிதத்தில் ஒரு பூட்ஸுக்கு அரைப் பக்கம் எழுதினாயே.

போகட்டும், நல்ல சேதி இருக்கிறது. கொக்கு டீம் ரசிகர் மன்றத்தில் குலுக்கல் போட்டு, சில ரசிகர்களை விளையாட்டு செய்கிற ஸ்டூடியோவையே சுற்றிப் பார்க்க அழைக்கிறார்கள். இஸ்திரி அக்கா எங்கள் எல்லோர் பெயரையும் எழுதிப் போட்டிருந்தாள். என் பெயர் விழுந்திருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒரு நாள். மன்றத்தார் பஸ்ஸில் அழைத்துப்போய் அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். தன் பெயர் விழவில்லை என்று இஸ்திரி அக்கா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நான் உன் சருகுத் தட்டிலிருந்து ஒரு சருகு கொண்டுவருகிறேன் என்ற பிறகுதான் இறங்கினாள்.

நான் அம்மா என்று யாரிடமும் சொல்லாதே. ரசிகையாகத்தான் வருகிறேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நீ நடப்பதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அம்மா

*

மார்ச் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். தோல் செருப்பு.

இவ்வளவு தூரம் பஸ்ஸில் வர வேண்டுமா என்று யோசி. முழங்கால் மடக்கி உட்கார்ந்து வருவது கஷ்டம். அங்கே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். இஸ்திரி அக்கா ஆசைப்படுகிறாள் என்றால் உன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிடலாம், அப்படி மாற்றிக்கொள்ள மன்றத்தில் விடுவார்கள்.

மேலும் ஏப்ரல் நடுவில் நான் ஊரில் இருக்க மாட்டேன். காட்டுச் சத்தம் பதிவு செய்ய வெளியூர் அனுப்புகிறார்கள். நீ வந்தாலும் பார்க்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகன்

*

ஏப்ரல் 21

அன்புள்ள மகனுக்கு,

சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பினேன். காட்டில் கொசுக்கடி இல்லாமல் இருந்தாயா?

நான்கே நாளில் நீ பதில் எழுதியிருந்ததைப் பார்த்து இஸ்திரி அக்கா அசந்துபோனாள். என் இடத்தை அவளுக்குக் கொடுக்கச் சொன்னதையும் காட்டினேன். "அவன் நல்லவன், நீதான் பிடிவாதக்காரி" என்றாள். பிடிவாதக்காரி பஸ் ஏறிவிட்டேன்.

ஸ்டூடியோ வாசலில் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். சுற்றிக்காட்ட வந்தது ஒரு சின்னப் பெண். நல்ல உதடு அவளுக்கு, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது. மன்றத்து ஆட்களுக்குக் காது இருந்தும் பாதி விட்டுவிட்டார்கள், நான் ஒன்றையும் விடவில்லை. மூன்று மாடிக்கும் அவள் சொன்னதை அப்படியே ஒப்பிப்பேன்.

முதல் மாடியில் படம் வரைகிறவர்கள். ஒருவர் மரத்தின் இலை அசைவதை மட்டும் செய்கிறார். "நாலு வருஷமா இலைதாங்க" என்றார். முகத்தில் சலிப்பே இல்லை. அடுத்த அறையில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒரே சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார்கள். சுவர் வழியாக ஆள் புகுந்துவிடுகிறானா என்று பார்க்கிறார்களாம். சம்பளம் கொடுத்துச் சுவரில் முட்டச் சொல்கிறார்கள், நம் வீட்டில் சும்மாவே முட்டிக்கொள்கிறோம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். இரும்புக் காவலன் கவசத்தை அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். நான் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். காவலன் என் தோளுக்குத்தான் வந்தான்.

கடைசியாக மூன்றாம் மாடித் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோடியில் கண்ணாடிக் கதவு. பூட்டியிருந்தது. நான் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். சரளைக்கல் தட்டு சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கல் இல்லை. மணல் தட்டில் காகிதக் கோப்பைகள் கிடந்தன.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். கொஞ்ச நேரம் சொன்னாள். எனக்குச் சரியாகப் புரியவில்லை. என் காது விஷயம்தான் உனக்குத் தெரியுமே.

உன்னைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. நீதான் காட்டில் இருப்பதாக எழுதியிருந்தாய். எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, கொக்குப் படம் போட்ட கோப்பை ஒன்றும் கொடுத்தார்கள். சருகுக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். வெளியே வாசல் மரத்தடியில் கிடந்ததில் ஒன்றை எடுத்து வந்து இஸ்திரி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைப் போன் உறைக்குள் வைத்திருக்கிறாள்.

பஸ் உன் ஊரை விட்டுக் கிளம்பும்போது வெளிச்சம் இருந்தது. நடைபாதையில் போகிற வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எப்போது முடிகிறதோ அப்போது எழுது. அவசரமில்லை.

அம்மா

*

மே 19

அன்புள்ள மகனுக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை, அதற்காகத் தபால்காரரைச் சந்தேகப்பட மாட்டேன். பதில் வந்த பிறகுதான் அடுத்தது எழுத வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

அரையிறுதி நடந்தது. நம் டீமில் குட்டியாக ஒருவன் இருப்பானே, கொசு என்று சொல்வோம். முதல் ஆட்டத்தில் சொதப்பினான். அவனை எழுப்பிவிட்டு வேறு ஒருவனை உட்காரவைத்தார்கள். ஓரத்து நாற்காலியில் போய்த் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான். தூங்குமூஞ்சி இடைவேளையில் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கேமரா அந்தப் பக்கம் போனது. கேப்டன் தைரியம் சொல்கிறார் என்று கமெண்ட்ரியில் சொன்னார்களாம், சூப்பர்வைசர் சொன்னார். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. 'சாப்பிட்டியா' என்று கேட்டான். அந்தப் பிள்ளை துண்டுக்குள்ளிருந்து தலையை ஆட்டியது, ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. தூங்குமூஞ்சி மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

நம் டீம் ஜெயித்துவிட்டது. இறுதி ஆட்டம் உன் ஊர் பெரிய அரங்கத்தில். ஜூன் முதல் ஞாயிறு மத்தியானம். நர்ஸுகள் வகுப்பிலிருந்து புரொஜக்டர் இரவல் வாங்கி, சலவைக்கூடத்துச் சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டிப் பெரிதாகப் பார்க்கப்போகிறோம். இதற்காகவே ஒரு விரிப்பைத் தனியாகக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள் இஸ்திரி அக்கா.

உன்னைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். நீ எழுதியதைத்தான் சொன்னேன். நான் சொல்லிக்கொண்டு திரிந்ததால் உனக்குச் சங்கடம் ஏதாவது ஆகியிருந்தால், அது என் வாய்க்கொழுப்பு. நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

சாப்பிட்டாயா?

அம்மா

*

ஜூன் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்ப்பாய்தானே? முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடைவேளை விடுவார்கள். அப்போது தண்ணீர் குடிக்க அது இது என்று எழுந்து போகாதே. கேப்டன் முகத்தையே பார்த்துக்கொண்டிரு.

உன் மகன்

*

ஜூன் 9

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. சுகமா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. நானே பார்த்துவிட்டேன். இளைத்திருக்கிறாய். தாடி உனக்குப் பொருந்தவில்லை.

நீ சொன்னபடி எழுந்து போகவில்லை. முதல் ஆட்டம் முடிந்ததும் தூங்குமூஞ்சி முகத்தை விரிப்பு முழுவதும் காட்டினார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் ஓரத்திலிருந்து வந்து, அவன் தலையிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றினான். துணியால் துடைத்தான். இரண்டு பக்கமும் தன் காதில் வைத்துப் பார்த்தான். வயரை நீவிவிட்டான். முதலில் எனக்குக் கைதான் தெரிந்தது. கையைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டிருப்பார்கள், எனக்கென்ன.

பிறகு நீ கேமராவைப் பார்த்துப் பேசினாய். குரல் கொடுக்காமல் வெறும் உதட்டால், நிறுத்தி நிறுத்தி. நல்லவேளை, அவசரப்படவில்லை.

"அம்மா, நான் ஸ்டூடியோவுல இல்ல. ஜனவரி கடைசியிலேயே எங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க. இப்ப இந்த வேலைதான் பாக்குறேன். உங்கிட்ட சொல்ல"

அந்த இடத்தில் விளம்பரம் போட்டுவிட்டார்கள். யாரோ ஒருவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பல்லைக் காட்டினான். அவனை அப்படியே விரிப்போடு சுருட்டி இயந்திரத்துக்குள் போடலாம் போல இருந்தது. திரும்ப அரங்கத்தைக் காட்டியபோது நீ இல்லை. தூங்குமூஞ்சி மட்டும் நீ போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து.

மகனே, ஒன்றை நீ யோசிக்காமல் விட்டுவிட்டாய். அம்மாவிடம் மட்டும் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னாய். இத்தனை நாள் சின்னப் படம், அதனால் நான் ஒருத்திதான் படித்தேன். அன்றைக்கு உன் முகம் கட்டில் அகலத்துக்கு இருந்தது. எங்கள் கூடத்தில் உதடு தெரியாத பெண் யார்? மடிப்பு மேசை, பிழியும் பக்கம், இஸ்திரி பக்கம், எல்லோரும் படித்துவிட்டார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி விரிப்பின் முனையை இழுத்துச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் மட்டும் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு அந்தப் பையன், என்ன சொன்னான்?" என்று ஆள் ஆளாகக் கேட்டார். "ஒண்ணுமில்ல சார், வயர் சரியில்லையாம்" என்றாள் மடிப்பு மேசையில் ஒருத்தி. "ஆமா சார், வயரைப் பத்திதான்" என்றாள் இன்னொருத்தி. அவர் கேட்ட அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். எனக்காகத்தான் சொன்னார்கள், எனக்குத் தெரியாதா. நான் அவர் முன்னால் போய் நின்று, "அது என் மகன் சார். ஹெட்செட் துடைக்கிறான். எங்கிட்டதான் பேசினான்" என்றேன். அவர் என்ன சொன்னாரோ, நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. இஸ்திரி அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள இளைச்சுப் போயிட்டான்" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன். அவர்களும் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டூடியோவில் அந்தப் பெண் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. சத்தப் பிரிவையே மூடிவிட்டோம், இப்போது வெளியே வாங்கிக்கொள்கிறோம் என்றாள். அப்போதே எழுதியிருக்கலாம். நீயாகச் சொல்லும்வரை இருப்போம் என்று இருந்தேன். வேலை போனதற்கு நான் வருத்தப்படவில்லை. இத்தனை மாதம் நீ தனியாக அதை வைத்துக்கொண்டு சாப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த விளம்பரத்தால் 'சொல்ல' என்பதற்குப் பிறகு நீ பேசியது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்ததா, பயமாக இருந்ததா, என்னவென்று நானாக ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்ள மாட்டேன். கடிதத்திலும் எழுதாதே. கிளம்பி வா. விளக்குக்குக் கீழே என் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல்.

அம்மா